முடுகு, முடுக்கம், ஆர்முடுகல்

தமிழ்நாட்டு மாணவரும் இலங்கைத் தமிழ் மாணவரும் இயக்கம் பற்றிய ஒரே பாடத்தைத் தமிழில்தான் படிக்கிறார்கள். ஆனால் 'வேகம்' என்று எழுதும்போது இருவரும் ஒன்றையே குறிப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகத்துக்குத் திசை கிடையாது. ஒரு நொடியில் எத்தனை மீட்டர் கடந்தது என்பதோடு அது நின்றுவிடும். திசையும் சேர்ந்தால் அது திசைவேகம். இலங்கைப் பாடநூலில் திசையற்றது கதி. திசையோடு கூடியதே வேகம். இந்தத் திசைவேகம் எந்த வீதத்தில் மாறுகிறது என்பது மூன்றாவது அளவு. அதற்குத் தமிழ்நாட்டில் முடுக்கம் என்று பெயர், இலங்கையில் ஆர்முடுகல். முதல் இரண்டு பெயர்களில் பிரிந்துபோன இரு நாட்டுத் தமிழும் மூன்றாவதில் ஒரே வேரைப் பற்றியிருக்கின்றன. அந்த வேர் 'முடுகு'.

முடுகுதல் என்றால் விரைதல். நெருங்குதல் என்றும் பொருள் உண்டு. இரண்டு பொருளும் சேர்ந்து வாழும் இடம் யாப்பு. 'முடுகியல்' என்னும் சொல்லைத் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே காண்கிறோம். அருணகிரிநாதரின் சந்தப் பாடல்களிலும், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்திலும் முடுகு வரும் இடங்களைப் பாடகர்கள் நன்கு அறிவார்கள். நிதானமாக நடந்துவந்த பாட்டு அங்கே குறில்கள் நெருங்கிய அடிகளுக்குள் நுழைந்து பாயத் தொடங்கும். அப்போது தாளம் ஓடுவதில்லை. தட்டுக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட நேரம் அப்படியே இருக்கிறது. அந்த நேரத்துக்குள் விழும் எழுத்துகள்தாம் பெருகுகின்றன. முன்பிருந்த நடையோடு ஒப்பிட்டால்தான் முடுகு முடுகாகத் தெரியும். ஆகவே இந்தச் சொல் வெறும் விரைவைக் காட்டிலும் விரைவு மாறுவதையே நம் செவிக்கு உணர்த்திவந்திருக்கிறது. விரைவுக்கு மட்டும் பெயர் வேண்டுமென்றால் தமிழில் பஞ்சமே இல்லை. விரைவைக் குறிக்கக் கதழ்வு, துனைவு என்ற சொற்களைத் தொல்காப்பிய உரியியல் காட்டுகிறது. கடுகுதல் உண்டு, விசை உண்டு. அவற்றில் விசை பின்னாளில் இயற்பியலுக்குள் வந்து, பொருளைத் தள்ளுவதையும் இழுப்பதையும் குறிக்கும் பெயராகிவிட்டது.

முடுகு தன்வினை. 'முடுக்கு' அதன் பிறவினை. வண்டிக்காரர் மாட்டை முடுக்குகிறார். பட்டறையில் திருகாணியை முடுக்குகிறார்கள். மழைக்காலம் வந்தால் தூர்வாரும் பணி முடுக்கிவிடப்பட்டது என்று செய்தித்தாள் எழுதுகிறது. இப்போது முடுக்கம் என்ற பெயரைப் பார்ப்போம். பழகு என்பதிலிருந்து பழக்கம், ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கம் பிறப்பதுபோல, முடுகு என்ற தன்வினையிலிருந்து முடுக்கம் பிறக்கலாம். சுருக்கிச் சொல்வது சுருக்கம் ஆவதுபோல, முடுக்கு என்ற பிறவினையிலிருந்தும் பிறக்கலாம். தானாக விரைவதும் பிறிதொன்றால் விரைவிக்கப்படுவதும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கும். இதை இலக்கணத்தின் தெளிவின்மையாக நான் எண்ணவில்லை. இயற்பியலுக்கு இது பெரும் வசதி.

ஏனெனில் முடுக்கத்தின் வரலாற்றிலும் இந்த இரண்டு படிகள் இருக்கின்றன. 1638இல் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் கலீலியோ, விழும் பொருள் எப்படி விரைகிறது என்பதை மட்டும் விளக்கினார். ஏன் விரைகிறது என்ற கேள்வியை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தார். சம கால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகப் பெருகும் என்பது அவர் கண்ட விதி. காற்றுத்தடை இல்லையென்றால் ஒரு கல் முதல் நொடியில் சுமார் 4.9 மீட்டர், இரண்டாம் நொடியில் 14.7, மூன்றாம் நொடியில் 24.5 மீட்டர் விழும். சம நேரத்துக்குள் மேன்மேலும் நெருக்கி நிறைப்பது என்ற முடுகின் இலக்கணமே இங்கும் இருக்கிறது. 1687இல் நியூட்டனின் 'பிரின்சிப்பியா' வந்தது. இயக்கம் மாறினால் மாற்றிய விசை ஒன்று இருந்தே தீரும் என்றார் அவர். கலீலியோ சொன்னது முடுகுதல். நியூட்டன் சொன்னது முடுக்குதல்.

ஒரே வேர் இருவேறு கலைச்சொற்களாகக் கிளைத்ததற்குக் காரணம், அறிவியல் தமிழுக்கு இரண்டு பட்டறைகள் இருந்ததுதான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களை மொழிபெயர்த்தார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு கழகத்தையும் இதழையும் தொடங்கினார்கள். பின்னர் இரு நாடுகளிலும் தாய்மொழிவழிக் கல்வி பரவியபோது தனித்தனிக் குழுக்கள் அமர்ந்து தனித்தனிச் சொற்றொகுதிகளை ஆக்கின.

இலங்கைக் குழுவினர் தன்வினையை எடுத்துக்கொண்டார்கள். ஆர்தல் என்றால் நிறைதல். அமர்தல் என்றால் அடங்குதல். நிறைந்து செல்லும் விரைவு ஆர்முடுகல். அடங்கிச் செல்லும் விரைவு அமர்முடுகல். ஓசையாலும் பொருளாலும் இவ்வளவு ஒத்திசைந்த இணையைக் கலைச்சொற்களுக்குள் காண்பது அரிது. தமிழ்நாட்டில் வேகத்தைக் குறைக்கும் முடுக்கத்துக்கு எதிர்முடுக்கம் என்று பெயர். அது பிழையற்ற சொல்தான். ஆனால் அமர்முடுகலில் ஓட்டம் அடங்குவது கண்ணுக்கே தெரிகிறது.

கதி, வேகம் என்ற பங்கீட்டிலும் இலங்கைத் தேர்வுக்கு ஆழமான ஆதாரம் இருக்கிறது. இரண்டும் வடசொற்கள். கதி என்றால் செல்கை. குதிரையின் நடை வகைகளுக்கும் தாளத்தின் நடைக்கும் அதுவே பெயர். வேகம் வைசேடிகத் தத்துவத்தில் ஒரு தனிக் கலைச்சொல். ஒரு பொருளைக் குறிப்பிட்ட திசையில் தொடர்ந்து செல்லவைக்கும் பண்பு வேகம் என்று அத்தத்துவத்தின் பேருரையாளர் பிரசஸ்தபாதர் வரையறுத்தார். திசை அந்தச் சொல்லின் இலக்கணத்துக்குள்ளேயே இருந்தது. ஆனால் மக்கள் வழக்கில் வேகம் திசையை இழந்து வெறும் விரைவாகிவிட்டது. அந்த வழக்கை மதித்த தமிழ்நாட்டுப் பாடநூல், திசையை முன்னொட்டாகச் சேர்த்துத் திசைவேகம் என்றது. ஒரு நாடு பழைய நுட்பத்தைக் காத்தது. மற்றொன்று வாழும் வழக்கைக் காத்தது. இரண்டும் நேர்மையான வழிகளே.

பேச்சுவழக்கின் முடுக்கு மாணவரை ஓரிடத்தில் இடறச் செய்யும். அன்றாடத் தமிழில் முடுக்குவது என்றால் விரைவைக் கூட்டுவது மட்டுமே. இயற்பியலில் பிரேக் போடுவதும் முடுக்கமே. வளைவில் ஒரே வேகத்தில் திரும்பும் பேருந்துக்கும் முடுக்கம் உண்டு, திசை மாறுகிறதே! மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் திசைவேகமின்றி நிற்கிறது. அந்தக் கணத்திலும் அதன் முடுக்கம் கீழ்நோக்கி ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர்தான். ஜெனீவா அருகில் நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த செர்ன் துகள் முடுக்கி இதற்கு ஓர் உச்ச எடுத்துக்காட்டு. புரோட்டான்கள் அதற்குள் நுழையும்போதே ஒளி வேகத்தில் 99.9997 சதவீதத்துக்கு மேல் பெற்றுவிட்டன. அதன்பின் வேகம் கூட அநேகமாக இடமே இல்லை, ஏறுவது ஆற்றல். ஆனாலும் காந்தங்கள் அவற்றின் திசையை இடைவிடாது வளைத்துக்கொண்டிருப்பதால் முடுக்கம் ஒரு கணமும் ஓய்வதில்லை.

இந்தச் சொற்களைப் படித்ததால் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. முதலாவது, இரு நாட்டுப் பாடநூல்களும் கலைச்சொல் பட்டியலில் மற்ற நாட்டின் சொல்லையும் பக்கத்தில் அச்சிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எழுதிய நல்ல பௌதிகவியல் நூல் மதுரை மாணவருக்கு அந்நியமாகத் தோன்ற 'வேகம்' என்ற ஒரு சொல் போதும். ஒரு வரிக் குறிப்பு அந்தத் தடையை நீக்கிவிடும். இரண்டாவது, ஆசிரியர்கள் முடுக்கத்தை வரையறையிலிருந்து தொடங்காமல் வினையிலிருந்து தொடங்கலாம். எது முடுகுகிறது, எது முடுக்குகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்கப் பழகிய மாணவர் இயக்கவியலின் இரு பாதிகளையும் கையில் வைத்திருக்கிறார். சூத்திரம் அதற்குப் பிறகு அவருக்குப் பாரமாக இருக்காது.