மூச்சு நோய்ப் பெயர்கள் வந்த வரலாறு

உணவின்றிச் சில வாரமும் நீரின்றிச் சில நாளும் மனிதன் உயிர் தாங்குதல் கூடும். மூச்சின்றியோ சில நிமிடமும் தாங்கான். ஆதலின் மூச்சையும் அதன் நோய்களையும் குறிக்கும் சொற்கள் எம்மொழியிலும் மிகப் பழமையானவையாகவே இருக்கின்றன. அச்சொற்கள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு மாறின என்பதைச் சங்க அன்பர்கள் முன் சுருக்கமாக வைக்க விழைகின்றேன். யான் மருத்துவன் அல்லன். பள்ளிப் படிப்போடு நின்று, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். எனவே ஈண்டு மருத்துவம் கூற முற்படவில்லை. சொற்களின் வரலாற்றையே கூறுகின்றேன். ஆயினும் ஒரு சொல் விளங்காமையால் ஒரு குடும்பம் படும் துன்பம் எத்தகையது என்பதைக் கண்டவன் என்ற உரிமை எனக்குண்டு.

முதற்கண் நம் சொற்களைக் காண்போம். நுரையீரல் என்னும் பெயரே ஒரு பாடம். நுரை போன்று காற்று நிறைந்த ஈரல் என்பது அதன் பொருள். அதன் துண்டொன்றை நீரிலிட்டால் மிதக்கும். ஆங்கிலத்தில் அவ்வுறுப்புக்கு வழங்கும் பெயரும் ‘இலேசானது’ என்னும் பொருளுடைய வேரிலிருந்தே வந்ததாகக் கூறுவர். கடல் கடந்த இரு மக்கள் ஒரே இயல்பைக் கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டனர். நோய்ப் பெயர்களும் அவ்வாறே. ஈளை, இரைப்பு, கக்குவான், தொண்டை அடைப்பான், எலும்புருக்கி என்பன யாவும் கண் கண்டதையும் காது கேட்டதையும் கொண்டு இட்ட பெயர்கள்.

மேனாட்டுப் பெயர்களைக் கேட்டு நாம் மலைப்பதுண்டு. அவையும் ஒருகாலத்தில் எளிய மக்களின் எளிய சொற்களே. ஆஸ்துமா என்பது கிரேக்க மொழியில் ‘மூச்சு வாங்குதல்’. நம் இரைப்பும் அதுவே. எலும்புருக்கி நோயைக் கிரேக்கர் ‘தைசிஸ்’ என்றனர். தேய்வு என்பது பொருள். வடமொழியில் க்ஷயம் என்பதும் தேய்வே. டிப்தீரியா என்ற பெயர், தொண்டையில் படரும் சவ்வு பதனிட்ட தோல் போல் இருத்தலின், தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிரெஞ்சு மருத்துவர் பிரெத்தொன்னோ 19-ஆம் நூற்றாண்டில் அமைத்தது. இன்புளுயென்சா என்பது இத்தாலிய மொழியில் ‘செல்வாக்கு’ எனப் பொருள்படும். விண்மீன்களின் செல்வாக்கால் அக்காய்ச்சல் வருவதாக அந்நாட்டார் முன்பு எண்ணினர். ஆகவே, கற்றோர் பெயர் என்று நாம் அஞ்சுவது பெரும்பாலும் பிற நாட்டாரின் வீட்டுச் சொல்லேயாம்.

மார்பினுள் நிகழ்வதை உயிருள்ளபோதே அறிய ஒரு புதுவழி காணப்பட்டது 18-ஆம் நூற்றாண்டில். ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் அவென்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். மிடாவைத் தட்டி அதனுள் எவ்வளவு மது உளதென அறிவது போல் நோயாளியின் மார்பை விரலால் தட்டி அறியலாம் என்று 1761-இல் நூல் வெளியிட்டார். 1816-இல் பாரிஸ் நகரில் இலென்னக் என்பவர், பெண் நோயாளி ஒருவரின் மார்பில் காது வைக்கக் கூசித் தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பு முன்னினும் தெளிவாகக் கேட்டது. தாட்குழல் பின்னர் மரக்குழலாயிற்று, அதுவே ஸ்டெதாஸ்கோப். அப்பெயருக்கு நேர்ப்பொருள் ‘மார்பை நோக்குவது’ என்பதாகும். காதால் கேட்கும் கருவிக்குக் கண்ணின் பெயர் அமைந்தது ஒரு விந்தை.

அம்மருத்துவரைப் பற்றிய மற்றொரு செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. மார்பினுள் கேட்கும் இரைச்சலுக்கு அவர் ‘ரால்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை எழுத்தில் வழங்கினார். அதுவோ சாகுந்தறுவாயில் தொண்டையில் எழும் ஒலிக்கு மக்கள் வழங்கிய சொல். கட்டிலில் கிடப்பவர் அதனைக் கேட்டால் தம் முடிவு நெருங்கிற்று என அஞ்சுவரே என்று கருதி, நோயாளியின் முன் ‘ராங்கஸ்’ என்னும் இலத்தீன் சொல்லையே கூறினார். சொல்லும் நோயாளியைத் தாக்கும் என்று அறிந்த பெருமகனார் அவர். 1826-இல், தம் 45-ஆம் அகவையில், தாம் ஆராய்ந்த அதே காச நோயால் அவர் மறைந்தார்.

தேய்வு என்னும் பெயர் நோயின் விளைவைக் கூறிற்றேயன்றிக் காரணத்தைக் கூறவில்லை. நுரையீரலில் தோன்றும் சிறு கட்டிகளைக் கொண்டு ‘டியூபர்குளோசிஸ்’ என்ற பெயரை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் ஷேன்லைன் வழக்கிற்குக் கொணர்ந்தார். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் இராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டதை அறிவித்தார். குலத்தின் குற்றம், முன்வினை என்றெல்லாம் கருதப்பட்ட நோய், கிருமியால் வரும் நோயென ஐயமின்றித் தெளிவாயிற்று.

இவ்வறிவைத் தமிழில் தர முயன்றவர் வரலாறு நமக்குப் பெருமை தருவது. அமெரிக்க நாட்டில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860-களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அப்பெயர்களே அவர் சொல்லாக்கத்தைக் காட்டும்: வழங்கிய சொல்லை எடுத்தாள்வார்; வடசொல்லையும் தள்ளார்; வேறு வழியில்லாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் உருவில் வார்ப்பார். 1873-இல் தாய்நாடு திரும்பிய பின்னும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை.

சென்னைக்கு வருவோம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தருகே காச நோயாளர்க்கு ஒரு நலவாழ்வு இல்லம் நிறுவினார். சானடோரியம் என்னும் சொல் குணப்படுத்துதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. அச்சொல் இன்று ‘தாம்பரம் சானடோரியம்’ என இரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. நாள்தோறும் அங்கு இறங்குவோருள் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணுவர்! அக்காலத்தில் நோயாளியை வீட்டினின்று பிரித்து இத்தகைய இல்லங்களில் வைப்பதே முறை. 1943-இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிற மருந்துகளும் தொடர்ந்து வந்தன. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காச நோய் மருந்தாய்வு நிலையம் அமைக்கப்பட்டது. நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ இல்லத்திலும், மறு பிரிவினரை எளிய வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்தளித்தனர். வீட்டில் மருந்துண்டோரும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்தனர். உடனிருந்தோர்க்கும் அதனால் தீங்கு மிகவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் மருத்துவ முறையை மாற்றியது. நம் நாட்டு ஏழைக் குடும்பங்கள் உலகிற்கு அளித்த சான்று இது.

இனி நம் நிலையைக் காண்போம். வடபுலத்தில் வாழும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வடமொழியில் காசம் என்றால் வெறும் இருமல். இந்தி மொழியின் ‘காஸி’ அதன் வழி வந்ததே. நம் பழைய மருத்துவ நூல்களிலும் காசம் இருமலைக் குறித்ததுண்டு. இன்றைய தமிழிலோ காச நோய் என்றால் எலும்புருக்கியே. இங்குள்ள ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் சளி இருமலைக் ‘காஸ ரோகம்’ என்று கூற, எங்கள் குடியிருப்பில் ஒரு மூதாட்டி இரண்டு நாள் உணவு கொள்ளாது அழுததை யான் அறிவேன். அது நகைத்து மறக்கக் கூடியது. மற்றொன்று அவ்வாறன்று. நண்பர் ஒருவருக்கு ‘தபேதிக்’ என்று கூறி மருந்தளித்தனர். அது காச நோய்க்குப் பாரசீக வழியாக வந்த பெயர் என்பதை அவரோ மனைவியோ அறியார். ஏதோ காய்ச்சலென எண்ணினர். இரண்டு திங்களில் இருமல் நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஆறு திங்களேனும் உண்ண வேண்டிய மருந்து அது. நோய் மீண்டபோது முன்னினும் நெடுங்காலம் மருந்துண்ண நேர்ந்தது. மகளின் படிப்பும் ஓராண்டு தடைப்பட்டது. ‘காச நோய்’ என்று யாரேனும் ஒருவர் தமிழில் கூறியிருந்தால் அவர் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டார்.

2020, 2021 ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றை யார் மறப்பர்? வெண்டிலேட்டர், ஆக்சிஜன் அளவு என்னும் சொற்கள் பாட்டிமார் வாயிலும் வந்தன. ஆக்சிஜன் என்னும் பெயர் ‘புளிப்பை உண்டாக்குவது’ எனப் பொருள்படும். எல்லாப் புளிப்புகளுக்கும் அதுவே காரணம் என்று பிரெஞ்சு அறிஞர் இலவாசியே தவறாகக் கருதி இட்ட பெயர் அது. நம்மவர் வழங்கும் பிராணவாயு என்பதும் உயிர்வளி என்பதும் அதன் உண்மைத் தொழிலையே உரைக்கின்றன. அவ்வாயுவைச் சுமந்து 2021 ஏப்ரல் முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஓடின. அவ்வண்டிகளுக்கு வழிவிட இரவு பகலாக உழைத்தோருள் நம் இரயில்வேக் குடும்பத்தினரும் அடங்குவர் என்பது நமக்குப் பெருமை.

கக்குவானும் தொண்டை அடைப்பானும் தடுப்பூசியால் அருகி, அச்சொற்களை இன்றைய இளந்தாய்மார் பலர் கேட்டதுமில்லை. நோய் மறைய அதன் பெயரும் மறைதல் நன்றே. ஆனால் நோய் இருக்க அதன் பெயர் மட்டும் மறைக்கப்படுவது தீது. ‘அந்த நோய்’ என்று தாழ்ந்த குரலில் கூறுவதை நாம் விடவேண்டும். மருத்துவர் ஒரு பெயர் கூறினால், அதன் பொருள் யாது, மருந்து எத்தனை நாள் உண்ண வேண்டும் என்று கூசாது கேட்க வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் அறிந்த இளைஞர்கள், அறியாத முதியோருடன் மருத்துவமனைக்குச் சென்று கேட்டதைத் தமிழில் எடுத்துரைப்பாராக. கிறீன் அவர்கள் கடல் கடந்து வந்து செய்த பணியை, அடுத்த வீட்டளவிலேனும் நாம் செய்யலாகாதா? சங்கம் அதற்கு ஒரு சிறு குழு அமைக்குமாயின் யானும் அதில் ஒருவனாக நிற்பேன்.

அனைவரும் நன்மூச்சுடன் நீடு வாழ்க! சங்கம் வளர்க!