மரக்கூழ் இறக்குமதி: சீனாவும் இந்தியாவும்

மரத்துண்டுகளை ரசாயனம் சேர்த்து வேகவைத்துப் பிரித்தெடுக்கும் நார்த்திரளே மரக்கூழ். எழுதும் தாள், அட்டை, விஸ்கோஸ் இழை எல்லாவற்றுக்கும் இது முக்கிய மூலப்பொருள். மக்கள்தொகைக்கு ஏற்ற காடு இல்லாத சீனாவும் இந்தியாவும் இதற்காகக் கடல் கடந்து போனது இயல்பே. போன வழிதான் வேறு.

1980-களில் சீன ஆலைகள் பெரும்பாலும் வைக்கோலில்தான் கூழ் காய்ச்சின. கழிவுநீர் ஆறுகளைக் கெடுத்ததால், ஹுவாய் ஆற்றுப் படுகையில் 1996-இல் சிறு ஆலைகள் கூட்டம் கூட்டமாக மூடப்பட்டன. 1998-இல் யாங்சி ஆறு பெருவெள்ளமாகப் பொங்கியபின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டவும் தடை வந்தது. 2001 டிசம்பரில் அந்நாடு உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அந்த ஆண்டு சுமார் 50 லட்சம் டன்னாக இருந்த கூழ் இறக்குமதி, 2020-இல் 3 கோடி டன்னைத் தாண்டியது. பிரேசிலின் தைலமரக் கூழும் கனடாவின் ஊசியிலை மரக்கூழும் சீனத் துறைமுகங்களில் குவிந்தன. 2018 நவம்பரில் ஷாங்காய் சந்தையில் கூழுக்கு முன்பேர வணிகமே தொடங்கிவிட்டது.

இந்தியா வாங்கும் அளவு இதன் அருகில்கூட வராது. காட்டை நம்பாமல், ஆலைகள் தமக்கான மரத்தை உழவர்களோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றது 1988-ஆம் ஆண்டு தேசிய வனக்கொள்கை. அதற்கு முன்பே தமிழ்நாடு வேறொரு வழியைக் கண்டிருந்தது. 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டிஎன்பிஎல்), 1984-இல் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கியது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துவந்தன. அதைக் கேட்டு வாங்கி, ஈடாக நிலக்கரியால் நீராவி தந்தது இந்நிறுவனம். எளிய பண்டமாற்றுதான், ஆனால் அதனால் காப்பாற்றப்பட்ட மரங்கள் ஏராளம். பின்னாளில் சவுக்கும் தைலமரமும் உழவர் நிலங்களிலிருந்து வரத் தொடங்கின.

விஸ்கோஸ் துறைக்கு இந்த வழி போதவில்லை. நீலகிரி மலையின் மரங்களை நம்பிய சிறுமுகை விஸ்கோஸ் ஆலை, பவானி ஆற்றை மாசுபடுத்தியதாக எழுந்த போராட்டங்களைச் சந்தித்து, கடைசியில் மூடப்பட்டது. ஆதித்ய பிர்லா குழுமமோ கூழை மட்டும் வாங்காமல், கனடாவிலும் சுவீடனிலும் கூழ் ஆலைகளையே வாங்கியது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டை இந்த வரலாற்றை அட்டைப்பெட்டி வடிவில் பார்க்கிறது. இங்கிருந்து கிளம்பும் கைப்பேசிக்கும் வாகன உதிரிபாகத்துக்கும் நெளி அட்டைப்பெட்டி வேண்டும். அந்த அட்டை பெரும்பாலும் பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்த கிராஃப்ட் தாள். ஒவ்வொரு சுழற்சியிலும் நார் குட்டையாகிறது, அட்டை வலுவிழக்கிறது. அதனால்தான் நீண்ட நார் கொண்ட வெளிநாட்டுப் பழைய அட்டைக்கு இவ்வளவு கிராக்கி.

பழைய காகிதத்தையும் சீனா மலைமலையாக வாங்கிவந்தது. 2018 முதல் அதற்குக் கட்டுப்பாடு, 2021 ஜனவரியில் முழுத் தடை. இதையொட்டிச் சீன வணிகர்கள் இந்தியாவில் மறுசுழற்சி செய்த கிராஃப்ட் சுருள்களை வாங்கத் தொடங்கினர். 2020–21-இல் இங்கே தாள் விலை ஏறியது. பெட்டி தயாரிப்பாளர்கள் அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தக் கோரி மத்திய அரசிடம் முறையிட்டனர். மரக்கூழைக் குறைவாக இறக்குமதி செய்ததால் மட்டும் இந்தியா உலகச் சந்தையிலிருந்து விலகி நின்றுவிடவில்லை.