ஸஆதத் பந்தர்

எமது திருவண்ணாமலைக்கு மலை உண்டு, கடல் இல்லை. விடுமுறை வந்துவிட்டால் இங்குள்ள குடும்பங்கள் கடலைத் தேடிப் புதுச்சேரிக்கோ மாமல்லபுரத்துக்கோ கோவளத்துக்கோ புறப்பட்டுவிடும். சென்ற விடுமுறையில் எம் மாணவர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, சேத்துப்பட்டு, வந்தவாசி, செங்கற்பட்டு வழியாக யாமும் கோவளம் சென்றோம். பிள்ளைகளுக்கு அலை வேண்டும். பெரியவர்களுக்கு ஸியாரத் வேண்டும். எமக்கோ ஒரு கோட்டை வேண்டியிருந்தது.

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள இம்மீனவர் ஊர் இன்று உல்லாசத் தலம். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை; மரப்பலகைமேல் நின்று அலையைக் குதிரைபோல் ஏறிச்செல்லும் மீனவ இளைஞர்; இருட்டிவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் விளக்கும் இசையும். அவ்விரவுக் கேளிக்கைகளைப் பற்றி எழுத யாம் தகுதியற்றோர். இஷாத் தொழுததும் உறங்கிவிட்டோம்.

1974இல் இங்கே திறக்கப்பட்ட தாஜ் குழுமத்தின் கடற்கரை விடுதி, பழைய கோட்டையொன்று நின்ற இடத்தில் எழுந்தது. அது எவர் கோட்டை? கேட்டவரெல்லாம் "டச்சுக்காரர் கோட்டை" என்றனர். சுற்றுலா நூல்களும் அப்படியே எழுதிச் செல்கின்றன. எம் கருத்து வேறு.

ஆர்க்காட்டு நவாப் ஸஆதத்துல்லாஹ் கான் காலத்தில், 1719 அளவில், இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர் கோவளத்தில் பண்டசாலை அமைத்தனர். அந்நாடு அப்போது ஆஸ்திரியப் பேரரசரின் கீழ் இருந்தது. 1722இல் அவர்தம் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பொறுப்பரோ? அவர்தம் நெருக்குதலால் 1727இல் பட்டயம் நிறுத்தப்பட்டு, 1731இல் அறவே ஒழிந்தது. அவ்வணிகர் விட்டுச் சென்ற இடிபாட்டின் அருகே நவாப் அன்வருத்தீன் கான் எழுப்பிய கோட்டையே ஸஆதத் பந்தர். அரபியில் 'ஸஆதத்' என்றால் நற்பேறு; பார்ஸியில் 'பந்தர்' என்றால் துறைமுகம். மசூலிப்பட்டினத்தை ஆந்திர மக்கள் இன்றும் 'பந்தர்' என்றே அழைப்பதை நினைவிற் கொள்க. தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் கோட்டை உண்மையாகவே உண்டு. பெயர் ஒலி நெருக்கத்தால் இரண்டும் குழம்பின போலும். இது எம் ஊகம் மட்டுமே.

நற்பேறு என்று பெயரிட்டவருக்கு நற்பேறு நீடிக்கவில்லை. 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில், யானைமேலிருந்தபடியே அன்வருத்தீன் உயிர்நீத்தார். அடுத்த ஆண்டே கோட்டை கைமாறியது. அதுவும் போரினால் அன்று, ஏமாற்றினால். பிரெஞ்சுக் கப்பலொன்று கரையோரம் நங்கூரமிட்டு, மாலுமிகள் நோயால் மடிகின்றனர், இறங்க இடந்தருக என்று இறைஞ்சியது. கோட்டைத் தலைவர் இரங்கி உள்ளே விட்டார். உடைக்குள் ஆயுதம் மறைத்து வந்த 'நோயாளிகள்' அன்றிரவே காவலரை மடக்கிவிட்டனர். விருந்தாளிக்கு அடைக்கலம் தந்தவனின் கதி இது! கோட்டைத் தலைவரைப் பேதை என்று பழிக்க எமக்கு மனம் வரவில்லை.

1752இல் கிளைவ் வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு எமது மாவட்டத்து ஆரணியில் வென்ற அதே கிளைவ்தாம். உடன் வந்தோர் புதிதாய்ப் படையிற் சேர்ந்த 200 வெள்ளையரும் 500 சிப்பாய்களும். முதல் வெடியோசையிலேயே அவர்கள் சிதறி ஓட, ஒருவன் மறுநாள் கிணற்றுக்குள் ஒளிந்திருக்கக் கண்டெடுக்கப்பட்டான். ஆயினும் கோட்டை பணிந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையில் பறித்த பீரங்கிகளும் அங்கே கிடைத்தன. பின்னர்க் கோட்டை தகர்க்கப்பட்டது. நவாபின் மகன் முஹம்மதலியின் நண்பராய் வந்தவரே நவாபின் கோட்டையைத் தகர்த்தார் என்பதை வாசகர் கவனிக்க.

பெரியவர்கள் தமீமுல் அன்ஸாரி அவர்களின் தர்காவுக்குச் சென்றனர். நபித்தோழரின் உடல் பேழையில் மிதந்து இக்கரை சேர்ந்தது என்பது மக்கள் வழக்கு. மரபை மரபாகப் போற்றுவோம். அதனை வரலாற்றின் சான்றாக நிறுத்த மாட்டோம். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: கடலில் அலைக்கழிந்து தீவொன்றை அடைந்த செய்தியை அறிவித்ததாக ஸஹீஹ் முஸ்லிம் கூறும் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் வேறு; அவர்கள் லக்ம் குலத்தவர், அன்ஸாரி அல்லர். பெயர் ஒன்றானதால் கதைகளும் கலந்துவிட்டன.

ஊர் திரும்பியபின் மாணவரைப் பயணக் குறிப்பு எழுதச் சொன்னோம். அலையில் குளித்ததையும் வறுத்த மீனையும் அனைவரும் எழுதியிருந்தனர். ஒருவன் மட்டும் கோட்டையை நினைவிற் கொண்டிருந்தான்: 'டச்சுக் கோட்டை பார்த்தோம்'. அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே எழுதினோம்: 'ஸஆதத் பந்தர். கட்டியவர் அன்வருத்தீன் கான். இடிபட்டது 1752.'