ஓட்டமாவடிப் பாலமும் ஒரு பறப்பு அனுமதிப்பத்திரமும்

கனடாவில் குடியேறிவிட்ட என் பால்ய நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் வழமைக்கு மாறான உற்சாகம். அவருடைய பேரனுக்குப் பொழுதுபோக்கு விமானிக்கான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டதாம். "விமானக் கம்பனியில் சேரப்போகிறானா?" என்று கேட்டேன். "இல்லை மச்சான், அவன் சும்மா ஆசைக்குப் படித்தான்" என்றார்.

அந்தச் 'சும்மா' என்ற சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் மண்ணில் யாராவது சும்மா பறந்ததுண்டா என்று யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை.

நாங்கள் இருவரும் ஓட்டமாவடிப் பாலத்தடியில் வளர்ந்தவர்கள். 2010இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை புகையிரதத்துக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் அந்த ஒற்றை இரும்புப் பாலமே வழி. புகையிரதம் வந்தால் பஸ்ஸும் லொறியும் மாட்டு வண்டியும் ஒதுங்கி நிற்க வேண்டும். யார் முதலில் போவது, யார் காத்திருப்பது என்ற ஒழுங்கை நாங்கள் அங்கேதான் கற்றோம். எங்களுக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில், மட்டக்களப்பு வாவியிலுள்ள திமிலைதீவில், விமானத் தளம் இருந்தது. எப்போதாவது வானில் இரைச்சல் கேட்டால் பாலத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்போம். அதை ஓட்டுபவரும் நம்மைப் போன்ற மனிதர்தான், அதை அவர் ஓரிடத்தில் படித்துத்தான் வந்திருப்பார் என்ற எண்ணம் ஒருநாளும் எங்களுக்கு எழுந்ததில்லை.

நண்பரின் பேரன் பெற்றது எப்படிப்பட்ட பத்திரம்? கனடாவில் 14 வயதில் மாணவ விமானி ஆகலாம். 16 வயதில் பொழுதுபோக்கு அனுமதிப்பத்திரம் பெறலாம். குறைந்தது 25 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவற்றில் 15 மணி நேரமாவது ஆசிரியருடனும், 5 மணி நேரமாவது தனியாகவும் இருத்தல் வேண்டும். பகலில் மட்டும், ஒரேயொரு பயணியுடன், கனடாவின் எல்லைக்குள் பறக்கலாம். அவுஸ்திரேலியாவில் 2014இல் இதே வகையான அனுமதிப்பத்திரம் நடைமுறைக்கு வந்தது. அங்கும் 25 மணி நேரம். சர்வதேச விதிகளின்படி வழங்கப்படும் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் இதற்கு அடுத்த படி. அதற்குப் பொதுவாக 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் தேவை. இவை எதைக் கொண்டும் கூலிக்கு விமானம் ஓட்ட முடியாது.

மணிக்கணக்கு ஒருபுறமிருக்க, மாணவன் படிக்க வேண்டிய பாடங்கள் என்னைக் கவர்ந்தன. வானிலை, திசையறிதல், விமானத்தின் இயக்கம், வானொலியில் பேசும் முறை, வான் சட்டம் ஆகியன அவை. வான் சட்டத்தின் முதற்பாடங்களில் ஒன்று, இரு விமானங்கள் எதிர்ப்பட்டால் யார் வழிவிட வேண்டும் என்பது. எங்கள் பாலத்தின் பாடமும் அதுதானே! விமானம் காற்றை எதிர்நோக்கியே மேலெழவும் இறங்கவும் வேண்டும். ஆகவே காற்றின் குணம் தெரியாதவன் விமானி ஆக முடியாது. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு, முகத்தில் படும்போதே இன்ன காற்று என்று சொல்லும் வாவி மீனவனுக்கு அந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். அறிவு எங்களிடம் இல்லாமலில்லை. வாய்ப்புத்தான் இருக்கவில்லை.

சாதாரண மனிதன் ஆசைக்குப் பறக்கலாம் என்ற எண்ணத்துக்கு வயது ஏறத்தாழ 100 ஆண்டுகள். 1925இல் பிரித்தானிய அரசு பறப்புக் கழகங்களுக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் 'மோத்' என்ற இரட்டை இருக்கைச் சிறு விமானம் முதன்முதலாகப் பறந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இரு இருக்கைகளிலும் இயக்கு கருவிகள். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பறக்க வசதியான அமைப்பு. இந்தியாவில் கழகங்கள் தோன்றியதும் பம்பாயில் கற்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பெப்ரவரி 10ஆம் திகதி, இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் இலக்க அனுமதிப்பத்திரத்தைப் பெற்றார். ஆசைக்குப் பறந்த அந்தச் செல்வந்த இளைஞர், 1932 ஒக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற் பொதிகளுடன் தாமே விமானம் ஓட்டி வந்தார். ஒரு நாட்டின் விமான சேவை அப்படித் தொடங்கியது.

தமிழ் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் ஹோட்டல் நடத்திய கோர்சிக்கரான டி ஏஞ்சலிஸ், 1910இலேயே தாம் வடிவமைத்த விமானத்தில் பல்லாவரத்தில் பறந்தார். பின்னர் 1930இல் இயங்கத் தொடங்கிய மெட்ராஸ் பறப்புக் கழகம் பலருக்குப் பறக்கக் கற்பித்தது. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் விமானியான தம் கணவர் சுந்தரத்துடன் 1950இல் ஒரு சிறிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்.

இலங்கையர் பலர் அறியாத ஒரு செய்தி இங்கே உண்டு. இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக விமானம் இறங்கிய நாள் 1935 நவம்பர் 27. அது 'புஸ் மோத்' என்ற சிறு விமானம். அதை ஓட்டி வந்த டின்டேல் பிஸ்கோ படைத்தளபதி அல்லர். விமானக் கம்பனிக்காரரும் அல்லர். மெட்ராஸ் பறப்புக் கழகத்தின் தலைமை ஆசிரியர் அவர். ஆக, இந்தத் தீவின் முதல் பெரிய விமான நிலையத்தைத் தொட்ட முதற் சக்கரம், ஆசைக்குப் பறப்போருக்குக் கற்பித்த ஒருவருடையது. 1938 பெப்ரவரி 28 அன்று டாட்டாவின் விமானத் தபாலும் கொழும்புக்கு எட்டியது.

கொழும்புக்கு அப்படி வந்த வானம் எங்கள் கரைக்கு வேறுவிதமாக வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே, மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மஸ் குண்டுவீச்சில் மூழ்கியது. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானந்தாங்கிக் கப்பல்தான்; ஆனால் அன்று அதில் ஒரு விமானங்கூட இருக்கவில்லை. எங்கள் முதியவர்கள் 'ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்' என்று பேசக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். விமானம் என்றால் அவர்களுக்கு அச்சம்.

சுதந்திரத்தை ஒட்டிச் சிறிது காலம் நல்ல காற்று வீசியது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. 1958இல் திமிலைதீவு விமான நிலையம் திறக்கப்பட்டது. நாங்கள் பாலத்தடியில் நின்று பார்த்தது அந்தக் காலத்து விமானங்களைத்தான். 1979இல் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983இல் திமிலைதீவுத் தளம் விமானப்படையின் வசமாயிற்று. அதன் பிறகு எங்கள் பிள்ளைகள் அறிந்த வான்வழி ஓசை ஹெலிகொப்டரின் ஓசை. அதைக் கேட்டு அவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை, வீட்டுக்குள் ஓடினார்கள். இன்னொரு விமானமும் எங்களுக்குத் தெரியும்: வீட்டுத் தலைவனையோ தலைவியையோ சவூதிக்கும் கட்டாருக்கும் ஏற்றிச் சென்ற விமானம். அதன் பெயர் பிழைப்பு.

இதில் மிகக் கசப்பான அத்தியாயம் 2007 மார்ச் 26 அன்று எழுதப்பட்டது. விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் இரவில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. மூன்று படையினர் உயிரிழந்தனர். அவை செக் நாட்டில் தயாரான 'ஸ்லின் 143' ரகம். நான்கு பேர் அமரக்கூடிய, பயிற்சிக்கும் உல்லாசப் பறப்புக்குமென ஆக்கப்பட்ட விமானம் அது. வேறு நாடுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறப்புக் கழகத்துக்குச் செல்லும் இளைஞன் ஓட்டக்கூடிய விமானத்தில் இங்கே குண்டு கட்டப்பட்டது. தமிழ் இளைஞர்கள் பறக்கக் கற்றார்கள் என்ற செய்தியே உலகுக்கு அவ்வாறுதான் தெரியவந்தது. எந்தத் தரப்பை ஆதரித்தவராயினும், இதில் ஓர் இழப்பு இருப்பதை மறுக்க முடியாது என்று கருதுகிறேன். விளையாட்டாகத் தொடங்கி வாழ்வாக மலர்ந்திருக்கக்கூடிய ஒரு கலை, எங்களிடம் வரும்போதே ஆயுதமாக வந்தது.

பல்லாண்டுகளின் பின்னர், 2018இல் மட்டக்களப்பு விமான நிலையம் மீண்டும் பொதுமக்களின் பறப்புக்குத் திறந்துவிடப்பட்டது. மகிழ்ச்சியான செய்திதான். எனினும் ஒரு நிலத்தில் விமானம் இறங்குவது வேறு. அந்நிலத்துப் பிள்ளை விமானம் ஓட்டக் கற்பது வேறு. முன்னதற்கு ஓடுபாதை போதும். பின்னதற்குப் பணமும், கற்பிக்க ஒருவரும், அமைதியான வானமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயனேதும் கருதாமல் ஓர் ஆசையைப் பிள்ளையிடம் வளரவிடும் மனம் பெற்றோருக்கு வேண்டும். எந்த நேரமும் உயிரையும் பிழைப்பையும் எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு அது எப்படி வாய்க்கும்?

இவற்றையெல்லாம் அடுத்த முறை பேசியபோது நண்பரிடம் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, பேரன் முதன்முறை தனியாகப் பறந்த நாளைப் பற்றிச் சொன்னார். ஆசிரியர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றாராம். பையன் ஒரு சுற்றுப் பறந்து இறங்கும் வரை இவர் வேலிக்கருகில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாராம். "பாலத்தடியில் நின்றது போலவே இருந்தது மச்சான். ஒரே வித்தியாசம், இந்த முறை ஓட்டுகிறவன் யாரென்று எனக்குத் தெரியும்" என்றார்.

பேரனுக்கு எங்கள் வாவியின் மேலே பறக்க வேண்டும் என்று ஆசையாம். கனடாவின் அந்தப் பத்திரம் இங்கே செல்லாது என்பதை நண்பருக்கு நினைவூட்டினேன். "தெரியும். அடுத்த பத்திரத்துக்குப் படிக்கத் தொடங்கிவிட்டான்" என்றார்.

அவன் வரும் நாளில் நான் இருந்தால், பாலத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பேன்.