சென்னையில் பிறந்த ஒரு கேள்வி

விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும்போது வானில் மின்னும் விண்மீன்களைக் கண்டிருப்பீர்கள். நம் சூரியனுக்கு இருப்பதுபோல் அவற்றுக்கும் கோள்கள் உண்டா?

‘இருக்கக்கூடும்’ என்று 1855-ஆம் ஆண்டில் எழுதினார், சென்னை வானாய்வு நிலையத்தின் கேப்டன் ஜேக்கப். 70 ஒபியூக்கி என்பது ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன். அதன் பாதை கணக்கிலிருந்து சற்றே விலகியது. கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று இழுக்கிறது எனக் கருதினார். பிற்கால அளவீடுகளோ அக்கோளை மெய்ப்பிக்கவில்லை.

ஆயினும் அவர் சென்ற வழி சரியே. குழந்தையின் கைகளைப் பிடித்துச் சுற்றும் தகப்பனாரின் உடலும் சற்று ஆடுகிறதல்லவா? இருளில் குழந்தை தெரியாவிட்டாலும் அவ்வாட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

140 ஆண்டுகள் சென்றன. 1995-இல் சுவிட்சர்லாந்தின் மிஷேல் மயோர், டிடியே கெலோ ஆகிய இருவரும் 51 பெகாசி என்னும் விண்மீனின் ஆட்டத்தை அதன் ஒளியில் கண்டனர். விண்மீன் நம்மை நெருங்கினால் ஒளி நீலப்பக்கம் நகரும். விலகினால் சிவப்புப்பக்கம் நகரும். வியாழனைப் போன்ற பெருங்கோள் ஒன்று அதனை நாலே நாளில் சுற்றிவந்தது!

விஞ்ஞானிகள் திகைத்தனர். இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயுவும் தூசும் திரண்டே கோள்கள் உருவாகின்றன. பெருங்கோள்கள் குளிர்ந்த தொலைவில்தான் பிறக்கும் என எண்ணியிருந்தனர். பிறந்த இடம்விட்டுக் கோள்களும் பெயர்கின்றன என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

2019-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று 5,000-க்கும் மேற்பட்ட கோள்களை அறிவோம். பிள்ளைகளே, ஒரு விடை பிழையானால் கேள்வியைக் கைவிடாதீர்கள்.