கறியை விட்டுப் பார்க்கும் பிள்ளைகள்: உணவு மறுப்பின் மூன்று வரலாறுகள்



இந்த ஆண்டின் நினைவுப் பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குச் சிறியதாகப் படலாம். நம் பிள்ளைகளில் சிலர் கறியையும் மீனையும் விட்டுப் பார்க்கிறார்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து கல்லூரிக்கும், பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளுக்கும் போன முதல் தலைமுறை அது. உடம்புக்காக என்கிறார் ஒருவர். கோழிப் பண்ணையைக் கைப்பேசியில் பார்த்தபின் மனம் கேட்கவில்லை என்கிறார் இன்னொருவர். பஞ்சசீலம் ஏற்றதால் என்கிறவர் உண்டு. குரலைத் தாழ்த்தி, வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டுமே என்கிறவரும் உண்டு. ஆக்கி வைத்த குழம்பு மிஞ்சுகிறதே என்று வீட்டில் அம்மாவுக்கு வருத்தம். பையன் பார்ப்பனியத்துக்குப் பலியாகிவிட்டான் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறவர்களும் இயக்கங்களில் இருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு வேண்டாம் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. உணவை மறுத்ததில் நம் மக்களுக்கு மூன்று வரலாறுகள் உண்டு. செத்த மாட்டை மறுத்தது சுயமரியாதையின் வரலாறு. உயிர்க்கொலையை மறுத்தது அறத்தின் வரலாறு. ஊருக்குள் நுழையக் கேட்கப்பட்ட கட்டணமாகக் கறியை விட்டது மூன்றாவது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றிலும் தட்டு ஒன்றுபோலத்தான் தெரியும். பிரித்துப் பார்க்க வரலாறு வேண்டும்.

இந்தக் கரையின் பழைய பந்தி

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்த நூலை நம் வட்டாரத்தின் பழைய சாப்பாட்டுக் கணக்கு என்றே சொல்லலாம். வழி நடக்கும் பாணனுக்கு எயினர் குடியில் செந்நெல் சோறும் உடும்புக் கறியும் கிடைக்கின்றன. ஆயர் வீட்டில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும். வலைஞர் குடியில் கள்ளும் மீனும். பார்ப்பனர் வீட்டில் சோற்றோடு மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். கடற்கரைப் பட்டினத்தில் கள்ளும் கொழுத்த பன்றிக் கறியும். அந்தப் பட்டினம் மாமல்லபுரம்தான் என்று கருதும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வீடு உணவு வேறு. ஆனால் எல்லா வீட்டிலும் பாணன் சாப்பிடுகிறான். எந்த வீட்டுச் சோறும் அவனை அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தவில்லை. பார்ப்பனப் புலவர் கபிலரும் ஊன் சோறு உண்டு மென்மையான தம் கையைப் பற்றிச் சேர மன்னனிடம் கூச்சமில்லாமல் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 14ஆம் பாட்டு அது. பிற்காலத்தில் அதே பாணர் குடியே கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது என்பதற்குத் திருப்பாணாழ்வார் கதை சாட்சி.

இடையில் என்ன நடந்தது? அண்ணல் அம்பேத்கர் 1948-ல் எழுதிய ‘தீண்டப்படாதோர்’ நூல் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது. பௌத்தத்தோடு நடந்த நீண்ட போட்டியில் வெல்வதற்காகப் பார்ப்பனர்கள் மாட்டிறைச்சியை விட்டார்கள், இன்னும் ஒரு படி மேலே போய்ப் புலாலையே விட்டார்கள். பௌத்தர்களாக இருந்து, இறந்த மாட்டை உண்டுவந்த சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். ஏறத்தாழ கி.பி. 400-ஐ அதற்குக் காலமாகக் குறித்தார். அந்த நூலை மூன்று பேரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அவர்களில் முதல் பெயர் நம் நந்தனாருடையது. காலக்கணிப்பில் ஆய்வாளர்கள் வேறுபடலாம். ஆனால் புலால் மறுப்புக்கு ஒரு தேதி உண்டு, அதற்குள் ஓர் அதிகாரப் போட்டி உண்டு என்று அவர் காட்டிய பிறகு அதை ‘இயற்கையான தூய்மை’ என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

தமிழில் இதன் தடம் சொல்லிலேயே இருக்கிறது. மரக்கறி உணவுக்கு ஒரு சமயத்தின் பெயரை வைத்துச் ‘சைவம்’ என்கிறோம். மற்றதெல்லாம் ‘அசைவம்’. 2014-ல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். மிச்சமுள்ள மூன்று பேருக்கும் குறைவானவர்களின் உணவுக்கு நேர்ப்பெயர். 97 பேரின் உணவுக்கு ‘அ’ சேர்த்த எதிர்மறைப் பெயர்.

தவம் செய்யும் பூனை

மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் நிற்காமல் போவதில்லை. அருச்சுனன் தவம் என்பார்கள், பகீரதன் தவம் என்பார்கள். பெரிய யானையின் அருகே பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனை ஒன்று இருக்கிறது. காலடியில் எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிற கதை அது. கங்கைக்கரையில் கை தூக்கி நின்ற பூனை, தான் நோன்பு ஏற்றுவிட்டதாகச் சொன்னது. எலிகள் நம்பின. பூனை நாளுக்கு நாள் கொழுத்தது, எலிக்கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் உண்மையைக் கண்டுகொண்டது, எண்ணிப் பார்த்த எலிகள்தான்.

நாமும் எண்ணிப் பார்ப்போம். இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர், வேளாளர். புலால் உண்ணாமையைப் பெருமையாகக் கொண்ட குடும்பங்கள் அவர்களில் ஏராளம். அவர்கள் நிலத்தில் உழைத்தவர்கள் நம் முன்னோர். குடியிருந்த மனையும் தமக்குச் சொந்தமில்லாமல் வாழ்ந்தவர்கள். 1891-ல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய அறிக்கையை எழுதினார். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதார்கள் எப்படித் தடுத்தார்கள், குடிமனை எப்படி மிரட்டும் கருவியானது என்பதெல்லாம் அதில் பதிவாயின. அதன் விளைவுதான் 1892 செப்டம்பர் 30 அரசாணை. பஞ்சமி நிலம் பிறந்தது அப்படித்தான். சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் 1859-ல் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில், 1893-ல்.

அந்த நிலம் எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்த்தவர்கள்தான் காரணை மக்கள். நிலத்தை மீட்கப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள்.

உயிரைக் கொல்லாதே என்று நமக்குப் போதிப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தட்டைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. ஆட்டைத் தொடாத வாய் ஒரு சேரியின் வாழ்வை விழுங்கியிருக்கிறது. இதைச் சொல்லாமல் உணவு அறம் பேசுவது பூனையின் தவம்.

கட்டணம் கட்டியும் திறக்காத கதவு

சமூகவியல் படித்தவர்களுக்கு எம்.என். சீனிவாஸ் பெயர் தெரியும். குடகு மக்களைப் பற்றி அவர் எழுதி 1952-ல் வெளிவந்த நூலில், கீழ்நிலைச் சாதியொன்று புலாலையும் மதுவையும் விட்டு, மேல்சாதிச் சடங்குகளை ஏற்று, ஒன்றிரண்டு தலைமுறையில் மேலே ஏறலாம் என்றார். அதற்குச் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்று பெயர். இடைநிலையில் நின்ற சிலருக்கு அந்த ஏணி கொஞ்சம் உதவியிருக்கலாம். தீண்டாமைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்த ஏணியின் கால் ஊன்றவே இல்லை.

சத்தீஸ்கரின் சத்நாமிகளைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் குரு காசிதாஸ் சொல்லைக் கேட்டு அம்மக்கள் இறைச்சியை விட்டார்கள், மதுவை விட்டார்கள், சிவந்த நிறத்துக்காகச் சில காய்களையும் பருப்பையும்கூட விட்டார்கள். ஊர் அவர்களைத் தொட்டுக்கொண்டதா? இன்றும் பட்டியல் சாதியினராகவே இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகள் யாருக்கும் புலால் கிடையாது. அப்படியிருந்தும் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தது அதற்காகத்தான். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சாதி இந்துப் பெற்றோர் எதிர்த்தார்கள். அவர் அடுப்பில் வைத்தது மாட்டுக்கறி அல்ல, பிள்ளைகளுக்கான சோறு. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளில் டீயில் என்ன இறைச்சி இருந்தது? ஒதுக்கப்பட்டது உணவல்ல, அதைத் தொட்ட கை.

அதே 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகம் ஒன்றில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் கேள்வி எழுப்பியபின் அகற்றப்பட்டது. தனிச் சமையல் என்றால் புரிந்துகொள்ளலாம். கை கழுவும் தண்ணீருக்கு எதற்குத் தனித் தொட்டி? அதற்கு முந்தைய ஆண்டு அதே வளாகத்தில் மாட்டிறைச்சி உண்ட மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார்.

இங்கே காந்தியாரையும் நினைக்க வேண்டும். ராஜ்கோட்டில் பள்ளிக்கூட நாட்களில் நண்பன் பேச்சைக் கேட்டு ஆற்றங்கரையில் ஒளிந்து ஆட்டிறைச்சி உண்டு பார்த்தவர் அவர். பிறகு விட்டார். 1888-ல் லண்டன் போனபின் சால்ட் எழுதிய நூலைப் படித்து, தாய்க்குக் கொடுத்த வாக்காக மட்டும் இருந்த மரக்கறி உணவைத் தம் சொந்த விருப்பமாக்கிக்கொண்டார். தின்று பார்த்ததும் விட்டுப் பார்த்ததும் அவருக்குச் சோதனை. அந்தப் பெயரிலேயே சுயசரிதையும் எழுதினார். 1930-களில் நம் சேரிகளுக்கு வந்தபோது மாட்டிறைச்சியை விடுங்கள், மதுவை விடுங்கள் என்றார். பனியா வீட்டுப் பிள்ளைக்குச் சோதனை. சேரிப் பிள்ளைக்குத் திருத்தம். நம் பிள்ளைகளும் சோதனை செய்யப் பிறந்தவர்கள்தான் என்பதே நம் வாதம்.

நாமே மறுத்தவை

இனி மற்ற இரண்டு வரலாறுகள். 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில் அண்ணல் சொன்னது நினைவிருக்கும். செத்த மாட்டை உண்ணாதீர்கள், எறியும் எச்சிலுக்குக் கையேந்தாதீர்கள் என்றார். மறுநாள் மக்கள் ஊர்வலமாகச் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அங்கே உணவு மறுப்பும் நீர் உரிமையும் சேர்ந்தே வந்தன. செத்த மாட்டிறைச்சி நம் விருப்ப உணவாக இருந்ததில்லை. சாதி சுமத்திய வேலைக்கான கூலி அது. அதை மறுத்தது வேலைநிறுத்தம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் ஆட்கள் நின்றதும் அந்த வழியில்தான்.

அறத்தின் வழி இன்னும் பழையது. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம். பௌத்தமும் சமணமும் தழைத்த காஞ்சி நம் பக்கத்து ஊர். பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்ததாகக் காப்பியம் சொல்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 முதல் ‘தமிழன்’ இதழில் கொல்லாமையையும் கள்ளுண்ணாமையையும் எழுதியபோது, மேலே ஏறும் வழியாக அவற்றைக் காட்டவில்லை. இது நம் முன்னோரின் பௌத்த அறம், பிறகு வந்தவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு நம்மையே இழிந்தவர் என்றார்கள் என்று எழுதினார். இரவல் வாங்குவதும் பறிபோனதை மீட்பதும் ஒன்றாகுமா?

வள்ளலார் 1867-ல் வடலூரில் மூட்டிய அடுப்பு பசித்தவரின் சாதியைக் கேட்டதில்லை. அது பெரிது. ஆனால் ஞானசபைக்குள் நுழையக் கொலையும் புலையும் தவிர்த்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் சொன்ன புலை புலாலைக் குறித்தது. ஊர் வழக்கிலோ அந்தச் சொல் ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் வசையாக ஏறிக் கிடக்கிறது. அருளாளர் சொன்ன சொல்லும் சேரிக் காதில் வேறாக ஒலிக்கும் நாடு இது.

புத்தர் கையாண்ட முறையே நமக்கு வழிகாட்டுகிறது. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்த்தோ கேட்டோ சந்தேகித்தோ இல்லாதவரை, பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த இறைச்சியைப் பிக்கு உண்ணலாம் என்றார். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இதை விளக்குகிறார்: அகிம்சை ஒரு கோட்பாடு, விதியல்ல. கொல்லும் தேவை வேறு, கொல்லும் ஆசை வேறு. கோட்பாடு நம்மைச் சிந்திக்க விடுகிறது. விதி கீழ்ப்படிய மட்டும் சொல்கிறது.

பிள்ளைகளுக்கு

ஆகவே தம்பி, தங்கைகளே, விட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. விட்டபின் மீண்டும் உண்பதும் உங்கள் உரிமை. ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அம்மா ஆக்கிய குழம்பு இப்போது அருவருப்பாகத் தோன்றுகிறதா? தோன்றவில்லை என்றால் நீங்கள் அறத்தின் வழியில் இருக்கிறீர்கள். தோன்றினால், மூன்றாவது வரலாறு உங்களுக்குள் நுழைந்துவிட்டது. பருப்பும் பயறும் கீரையும் எடுத்து உடம்பைக் காப்பாற்றுங்கள். அந்த வீட்டில் மீன் நாற்றத்தைத் தீட்டாக மட்டும் பார்க்காதீர்கள்.

வாடகைக்காக விட்டவர்களைக் கடிந்துகொள்ள யாருக்கும் உரிமையில்லை. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்கிற பலகை பெரும்பாலும் சாதியைக் கேட்கும் நாகரிக வழி. அதை எதிர்ப்பது அந்தப் பிள்ளையின் தனிப் பொறுப்பல்ல, நம் அமைப்புகளின் வேலை.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டையாக வளர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. ஒரே வரிசை, ஒரே தொட்டி, யார் எதை எடுத்தாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணலாம். அந்த முட்டையில் யார் கை வைத்தாலும் எழுந்து நிற்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதித் தட்டில் முட்டையும் கறியும் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பஞ்சமி நிலத்தின் ஏக்கர் கணக்கை விடாமல் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம், வேண்டும் என்றால் கிடைக்கும் என்கிற நிலையில் இருப்பவருக்கே உண்டு. அந்த நிலைக்கு நம் பிள்ளைகள் அனைவரையும் கொண்டுவந்து சேர்ப்போம்.

ஜெய்பீம்.