சாந்தி சௌந்தரராஜனும் மகளிர் தடகளத் தகுதி விவாதமும்

மகளிர் விளையாட்டுப் போட்டிகளில் யார் பங்கேற்கலாம் என்பது உலக விளையாட்டில் நூறாண்டுகளுக்கு நெருக்கமான விவாதம். தமிழ்நாட்டில் இவ்விவாதம் பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது 2006-ல், தடகள வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பறிக்கப்பட்டபோது. அந்நிகழ்வின் பின்னணியும் அதன் பின் விதிகளில் ஏற்பட்ட மாற்றங்களும் இக்கட்டுரையில் தொகுக்கப்பட்டுள்ளன.

மகளிர் பிரிவும் அதன் அடிப்படையும்

ஒலிம்பிக் போட்டிகளில் பெண்கள் முதன்முதலில் 1900-ல் பாரிஸில் பங்கேற்றனர். ஒலிம்பிக் தடகளத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1928-ல், ஆம்ஸ்டர்டாமில். அங்கு 800 மீட்டர் ஓட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் களைத்து விழுந்ததாகச் செய்திகள் பரவின. பெண்ணுடல் இத்தூரத்தைத் தாங்காது என்று கூறி அப்போட்டி நீக்கப்பட்டது. 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் அது மீண்டும் இடம்பெற்றது. சாந்தி பின்னாளில் ஓடியது இதே தூரத்தைத்தான்.

பருவ வயதில் ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பல மடங்கு கூடுகிறது. தசை, எலும்பு, இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு ஆகியவை அதனால் வளர்கின்றன. முன்னணி ஓட்டப்பந்தயங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு வேறுபாடு உள்ளது. 800 மீட்டரில் ஆண்களின் உலகச் சாதனை 1 நிமிடம் 40.91 நொடி, பெண்களின் சாதனை 1 நிமிடம் 53.28 நொடி. தனிப்பிரிவு இல்லையென்றால் பெண்கள் இறுதிப்போட்டியை எட்டுவதே அரிது. மகளிர் பிரிவுக்கு எல்லை வேண்டும் என்போரின் முதன்மை வாதம் இதுவே.

பாலினச் சோதனைகள்

பெண் வேடத்தில் ஆண்கள் போட்டியிடக்கூடும் என்ற ஐயமே சோதனைகளுக்குத் தொடக்கக் காரணம். 1966-ல் புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டனர். அம்முறைக்கு எழுந்த எதிர்ப்பால், 1968 ஒலிம்பிக் முதல் கன்னத்தின் உட்புறச் செல்களை எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் முறை வந்தது.

இம்முறையிலும் சிக்கல் இருந்தது. எக்ஸ்-ஒய் குரோமோசோம் கொண்ட சிலரின் உடல் டெஸ்டோஸ்டிரோனுக்குச் சற்றும் எதிர்வினை காட்டுவதில்லை. அவர்கள் பெண்ணாகவே பிறந்து வளர்பவர்கள். அந்த ஹார்மோனால் அவர்களுக்கு உடல்வலு கூடுவதும் இல்லை. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பாட்டினோ இத்தகையவர். 1985-ல் சோதனையில் தோற்று விலக்கப்பட்ட அவர் தொடர்ந்து போராடி 1988-ல் தகுதியை மீட்டார். சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-ல் கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. ஐயம் எழுந்தால் மட்டும் தனியொருவரைச் சோதிக்கும் வழக்கம் நீடித்தது.

தோகா, 2006

சாந்தி 1981-ல் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்தார். பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 நொடியில் முடித்து மீண்டும் வெள்ளி பெற்றார்.

போட்டிக்குப் பின் அவருக்குப் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அதன் நோக்கம் தமக்கு விளக்கப்படவில்லை என்று பிற்காலப் பேட்டிகளில் அவர் கூறியுள்ளார். சில நாட்களில் அவர் சோதனையில் தோற்றதாகப் பெயருடன் ஊடகங்களில் செய்தி வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது, ஓட்ட வாழ்க்கை முடிந்தது. ஊக்கமருந்து எடுத்ததாகவோ ஏமாற்றியதாகவோ அவர் மீது குற்றச்சாட்டு இல்லை. செய்தி வெளிவந்த பின்னும் முதல்வர் மு. கருணாநிதி தமிழ்நாடு அரசின் பரிசாக 15 லட்சம் ரூபாயை அவருக்கு வழங்கினார். சாந்தி புதுக்கோட்டையில் ஏழை மாணவர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். பின்னர் வறுமையால் செங்கல் சூளை வேலைக்கே திரும்ப நேர்ந்தது. அச்செய்தி 2012-ல் நாடெங்கும் பேசப்பட்டது. அதன்பின் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார்.

டூட்டி சந்த் வழக்கு

2009-ல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா குறித்த சர்ச்சைக்குப் பின், சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2011-ல் புதிய விதியைக் கொண்டுவந்தது. குரோமோசோமுக்குப் பதில் டெஸ்டோஸ்டிரோன் அளவுகோலாயிற்று. லிட்டருக்கு 10 நானோமோல் என்பது உச்சவரம்பு.

2014-ல் இவ்விதியின்படி ஒடிசாவின் டூட்டி சந்த் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன் விலக்கப்பட்டார். அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் முறையிட்டார். இத்தகைய பெண்களுக்கு ஹார்மோனால் கிடைக்கும் சாதகம் எவ்வளவு என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என்று கூறி, 2015 ஜூலையில் நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது. டூட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார்.

பிந்தைய விதிகள்

2018-ல் வந்த விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களுக்கு மட்டும் வரம்பை 5 நானோமோலாகக் குறைத்தது. டூட்டியின் ஓட்டங்கள் இதற்கு வெளியே இருந்தன. சாந்தியின் 800 மீட்டர் இதனுள் வந்தது. செமன்யா தொடுத்த வழக்கில், விதி பாகுபாடு காட்டுவதே எனினும் மகளிர் பிரிவைக் காக்கத் தேவையானது என 2019-ல் நடுவர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. 2023-ல் வரம்பு எல்லாப் போட்டிகளுக்கும் 2.5 நானோமோல் ஆனது. ஆணாகப் பருவமெய்திய திருநங்கையர் உலகத் தரவரிசைப் போட்டிகளின் மகளிர் பிரிவிலிருந்து விலக்கப்பட்டனர். பிறவியிலேயே பால் வளர்ச்சி வேறுபாடு உள்ள பெண்களின் நிலையும் திருநங்கையரின் நிலையும் வெவ்வேறானவை. பொது விவாதங்களில் இவை இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதுண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமன்யாவுக்குச் சுவிட்சர்லாந்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு மகளிர் பிரிவில் ஓடுவோர் அனைவருக்கும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 1999-ல் கைவிடப்பட்ட பொதுச்சோதனை இவ்வாறு வேறு வடிவில் திரும்பியது.

மதிப்பீடு

மகளிர் பிரிவின் எல்லையை எங்கே வகுப்பது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. எல்லை இல்லையெனில் மற்ற வீராங்கனைகள் வாய்ப்பிழப்பர் என்பது ஒரு தரப்பு. உயரம், நீண்ட கை போன்ற பிறவிச் சாதகங்களை ஏற்கும் விளையாட்டு இதை மட்டும் விலக்குவது ஏன் என்பது மறுதரப்பு. ஆனால் எல்லை எங்கு அமைந்தாலும், சோதனையின் நோக்கத்தை முன்பே விளக்குவது, முடிவை ரகசியமாகக் காப்பது, முறையீட்டுக்கு வழி தருவது ஆகிய மூன்றும் இருதரப்பும் ஏற்கக்கூடியவை. டூட்டி தம் வாதத்தை நீதிமன்றத்தில் முன்வைக்க முடிந்தது. அதற்கு 8 ஆண்டுகள் முன்பு சாந்திக்கு அத்தகைய விசாரணை கிடைக்கவில்லை. அவருடைய தோகா வெள்ளி இன்றுவரை திருப்பித் தரப்படவில்லை.